தவசிலிங்கத்துக்கு அனுமதி இல்லை

ஃபைல் காப்பி மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றுகொண்டது. கணக்கு ஏறிவிட்டது, ஆர்டர் ஏறிவிட்டது, ஏஜென்ட் விலாசங்கள், சம்பளம், வரி சம்பந்தப்பட்ட குப்பைகள் எல்லாம் பழைய சர்வரிலிருந்து புது டிஸ்குக்கு ஒழுங்கு மரியாதையாக ஏறிவிட்டன, 'டிசைன்' என்ற ஃபோல்டர் வந்ததும் மட்டும் அந்தச் சிவப்பு வரி. ஆக்சஸ் டினைட். அனுமதி இல்லை. போடா, என்றான் தவசிலிங்கம் திரையைப் பார்த்து, உதடு மட்டும் அசைய. யாருக்கு அனுமதி இல்லை, இந்த பிரஸ்ஸில் கேபிள் இழுத்தது யார், இந்தச் சர்வரை மதுரையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது யார், அன்றைக்கு இங்கே இருந்தவர்களுக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்றாவது தெரியுமா. மேஜைக்கு அடியில் அந்தச் சர்வர் இப்போது டிக், டிக், என்று அடித்துக்கொண்டிருந்தது. டிஸ்க் சாகப் போகிறது. காலையில் முதலாளி அண்ணாச்சி வந்து, சீக்கு மாட்டைப் பார்ப்பதுபோல் குனிந்து காதுகொடுத்துக் கேட்டார். "தவசி, இது கண்ண மூடுறதுக்குள்ள உள்ள இருக்கறத எல்லாம் எடுத்து வெளிய வச்சிரு" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. அன்றைக்குத்தான் வருகிற வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு ஏஜென்ட்டுகள் கையில் கொடுப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டுதான் அவர்கள் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். சிவகாசியில் காலண்டர் அடிக்கிறவனுக்கு ஆல்பம் இல்லை என்றால் அந்த வருஷமே இல்லை. ஆல்பத்துக்கு வேண்டிய முருகன், லட்சுமி, கொழுகொழு குழந்தை, பனிமலை எல்லாம் அந்த ஒரு ஃபோல்டருக்குள், டிக் டிக் என்று அடிக்கும் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. இது தவசிலிங்கத்துக்குத் தெரியும். தெரிந்துதான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதற்காக அவ்வப்போது எதையாவது செய்தான். யாராவது ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்தான். திறந்துதான் வைத்திருக்கிறார்கள், டிசைன் பார்க்கிறவர்கள் எதைத்தான் மூடியிருக்கிறார்கள், குழாயையே மூட மாட்டார்கள். ஆனால் திறந்திருந்தால் வருகிற தகவல் வேறு. பெயர் நீளமாக இருக்கிறதா என்று பார்த்தான். இருக்கத்தான் செய்தது, பாலமுருகன் ஃபைனல், பாலமுருகன் ஃபைனல் புதுசு, பாலமுருகன் அண்ணாச்சி சரி சொன்னது இதுதான் கடைசி, என்று ஒரு கடவுளுக்கு ஒன்பது பெயர் வைத்து ஃபோல்டருக்குள் ஃபோல்டராகச் சொருகி வைக்கிற புத்திசாலிகள், கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கும். ஆனால் பெயர் நீளம் என்றாலும் வருகிற தகவல் வேறு. தன் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டான். கேபிளைப் பிடுங்கிச் சொருகினான். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு காப்பியை மறுபடி ஓடவிட்டான், ஒவ்வொரு தடவையும் கணக்கு ஏறியது, ஆர்டர் ஏறியது, அந்த இடம் வந்ததும் சிவப்பு வரி. வரும் என்று அவனுக்குத் தெரியும். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவன் மாதிரி ஒரு மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தான். பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. ஃபோல்டர் மேல் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு ஜன்னல் திறக்கும், யார் யாருக்கு அனுமதி, யார் யாருக்கு மறுப்பு என்று இரண்டு பத்தி அதில் இருக்கும். அந்த ஜன்னலை மட்டும் அவன் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும், யாராவது கேட்டார்களா.

கேட்க வேண்டிய ஆள் நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். குணசீலன். டிசைன் பிரிவுக்குத் தலைவன். தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டு வழுக்கையை மூடத் தெரிந்தவனுக்கு லட்சுமியின் கிரீடத்தில் நிழல் போடத் தெரியாதா, நன்றாகவே போடுவான், அதை இல்லை என்று சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். இந்த நேரத்தில் அவன் பதற வேண்டாமா. அவன் வேலை அத்தனையும் அந்தத் தகரப் பெட்டிக்குள் கிடந்து இழுத்துக்கொண்டிருக்கிறது, டிக் சத்தம் அவன் காதிலும்தானே விழுகிறது, எழுந்து வந்து, என்னங்க, என் ஃபோல்டர் ஏறிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா. கேட்க மாட்டான். நிலக்கடலையைத் தோல் நீக்கி நீக்கி ஊதித் தின்றுகொண்டு, ஒரு கைக்குழந்தையின் கன்னத்துக்கு ரோஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். அவ்வளவு திமிர். ஆனி மாசத்திலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் நடுவில் ஆர்டர் பார்க்கிற முனீஸ்வரி இருக்கிறாள், அவளிடம் சொல்ல வேண்டும். "பிரிண்டர்ல மை தீந்துருச்சுன்னு சொல்லுங்க" என்பான் குணசீலன், தவசிலிங்கத்தின் காதில் விழுகிற மாதிரி. "மை தீந்துருச்சாம்ணே" என்பாள் முனீஸ்வரி, ரசீதிலிருந்து தலையைத் தூக்காமல். "வந்தாப் போடுவாங்கன்னு சொல்லுங்க" என்பான் தவசிலிங்கம். "வந்தாப் போடுவாங்களாம் சார்." அவளுக்கு இது பழகிவிட்டது, அவள் வீட்டில் மாமனாரும் மாமியாரும் இப்படித்தானாம். முதலில் கொஞ்ச நாள் சிரித்தாள், இப்போது சிரிப்பதும் இல்லை.

ஆனி மாசம் ஒரு ஏஜென்ட் வந்தான், அவன் வாயில் மண் விழ. போனை நீட்டி அண்ணாச்சியிடம் ஒரு படத்தைக் காட்டினான். தவில் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற பாலமுருகன், கையில் வேலுக்குப் பதில் தவில் குச்சி. குணசீலன் யோசித்துப் போட்ட படம். இன்னும் இவர்கள் ஆல்பத்திலேயே ஏறாத படம், அடுத்த தெரு பிரஸ்ஸில் சாம்பிளாக அச்சாகிக் கிடக்கிறது. அண்ணாச்சி எல்லாரையும் நிற்க வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, கத்துகிற மனுஷனிடம் திரும்பக் கத்தலாம். "சர்வர் சாவி ஒரு ஆள்கிட்டதான் இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு, "இனிமே டிசைன் ஃபோல்டர் பக்கம் வேற யாரும் போக வேண்டாம். குணா பாத்துக்கிடட்டும்" என்றார். வேற யாரும் என்றால் யார். முனீஸ்வரியா போகப் போகிறாள். தவசிலிங்கத்துக்குக் காது இரண்டும் சூடானது. அவன் குணசீலனைப் பார்த்தான். எத்தனையோ வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் ஊறுகாய் தொட்டுத் தின்றவன், அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குணசீலன் கையிலிருந்த டீக்கப்புக்குள் பார்த்தான். டீக்கப்புக்குள் என்ன இருந்தது, ஆடை மிதந்தது, அதை அப்படிப் பார்த்தான். அந்த ஆடை இப்போதும் தவசிலிங்கத்தின் கண்ணில் மிதக்கிறது, தூங்கப் படுத்தால் மிதக்கிறது, பல் விளக்கினால் மிதக்கிறது. படத்தை வெளியே விட்டது அச்சுக்குப் பிளேட் போடுகிற இடத்தில் இருந்த எவனோ என்று பின்னால் தெரிந்தது. தெரிந்த பிறகும் யாராவது வந்து, தப்பா நினைச்சுட்டோம் தவசி, என்றார்களா. இல்லை. தீபாவளிக்கு வெடிப்பெட்டி கொடுக்கிற மாதிரி அதற்கும் ஒரு நாள் வைத்திருக்கிறார்களோ என்னவோ.

போன் மணி அடித்தது, மேஜை மேல் இருக்கிற ஆபீஸ் போன். அண்ணாச்சி. "என்ன தவசி, கணக்கு ஏறிருச்சுல்ல?" "ஏறிருச்சு அண்ணாச்சி." "ஆர்டரு?" "அதும் ஏறிருச்சு." தவசிலிங்கம் நாக்கை மடித்துக்கொண்டு காத்திருந்தான். இப்போது கேட்பார். டிசைனு என்று கேட்பார், அது ஏற மாட்டேங்குது அண்ணாச்சி என்று சொல்லலாம், ஏன் என்பார், எனக்கு அனுமதி இல்லையே அண்ணாச்சி என்று சொல்லலாம், மிகவும் மரியாதையாக, சர்க்கரை போட்டுச் சொல்லலாம், அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஆனியிலிருந்து அவன் சோறு தின்கிறான். "அப்பச் சரி" என்றார் அண்ணாச்சி. வைத்துவிட்டார். தவசிலிங்கம் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தான். வெட்கம், என்று நினைத்தான். அதுதான். டிசைன் என்ற வார்த்தையை என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், வாய் தானாக வரும், நேரில் எழுந்து வருவார், வேட்டியைப் பிடித்துக்கொண்டு இந்த மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். கீழே டிக், டிக், டிக். இப்போது மூன்று மூன்றாக அடிக்கிறதோ. அடிக்கட்டும்.

சரி, அந்த ஜன்னலில் மறுப்புப் பத்தியில் இருக்கிற பெயர் யாருடையது என்பதைச் சொல்லிவிட வேண்டியதுதான், அவன் மனசு அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்ததே தவிர மேலே உட்காரவில்லை. இருக்கிற பெயர் ஒன்றே ஒன்று. தவசிலிங்கம். போட்டது குணசீலன் இல்லை, அவனுக்குப் போடத் தெரியாது. அண்ணாச்சிக்கு அப்படி ஒரு ஜன்னல் இருப்பதே தெரியாது. போட்டவன் தவசிலிங்கம். ஆனி மாசம் அன்றைக்குச் சாயங்காலமே, காது சூடு ஆறுவதற்குள், வந்து உட்கார்ந்து தன் பெயரை டைப் அடித்து மறுப்புப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை டிக் போட்டான். படிக்க, எழுத, திறக்க, எட்டிப் பார்க்க, எதற்கும் அனுமதி இல்லை. உன் ஃபோல்டர் பக்கம் நான் போகக் கூடாது, அவ்வளவுதானே, போகவே முடியாதபடி செய்துவிட்டேன், வந்து பார், என்று. யாரும் வந்து பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். டிக் போட்டதும் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கேள்வி கேட்டது, மஞ்சள் முக்கோணம் போட்டு, இரண்டு மூன்று வரியில். அவன் படிக்கவில்லை. ஆம் என்று அழுத்திவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். ராத்திரி தானாகக் காப்பி எடுக்கிற வேலை தன் பெயரில்தான் ஓடுகிறது, தான் நுழைய முடியாத இடத்தில் அதுவும் நுழைய முடியாது என்பது மறுநாள் காலையில் சிவப்பு வரியைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது. அடுத்த நாளும் வந்தது. தினமும் வந்தது. தினமும் பார்த்தான், தினமும் மூடினான். என் ஃபோல்டர் இல்லையே.

அவன் பரம்பரையே அப்படி. அவன் அப்பா ஒரு பந்தியில் அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனதற்காகச் சொந்தத் தம்பி வீட்டுத் தண்ணீரைக் கடைசிவரைக்கும் குடிக்கவில்லை. தவசிலிங்கத்துக்கு அது ஒரு பெருமை. சாத்தூரில் சொர்ணம் அக்கா வீட்டு வாசற்படியை அவனும் மிதிப்பதில்லை. அக்கா மகள் நிவேதா பெரியவளானதற்குச் சீர் எடுத்துக்கொண்டு போயிருந்தான், தாம்பாளத்தில் பட்டு, வளையல், பழம். அத்தான் நாலு பேருக்கு நடுவில் சிரித்துக்கொண்டு, "மாப்ள கம்ப்யூட்டர்ல விரலத் தட்டுறாரு, தட்டுனதுக்குத் தக்கன சீரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பாதி சிரித்துவிட்டு நிறுத்தினாள், அது இன்னும் மோசம். இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். சொல்லும்போது ஒருவராவது கையைப் பிடிப்பார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் மெதுவாகத்தான் செருப்பை மாட்டினான். ஆவணியில் நிவேதாவுக்குக் கல்யாணம் என்று பேச்சு. தாய்மாமன் இல்லாமல் எப்படி நடத்துவார்கள். மாலை எடுத்துக் கொடுக்க, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வர, மாமன் எங்கே, மாமன் எங்கே என்று கூப்பிடுவார்களே, அப்போது என்ன செய்வார்கள். வர வேண்டும். அக்காவும் அத்தானும் இரண்டு பேரும் பழத்தட்டோடு வந்து அவன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். உடனே உள்ளே கூப்பிடக் கூடாது. சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிற நேரமாவது நிற்கட்டும், என்று இந்தக் காட்சியை அவன் ஓட்டிப் பார்ப்பான், அத்தான் என்ன சட்டை போட்டிருப்பார் என்பது வரைக்கும். இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் சொர்ணம் அக்கா. நினைத்தது காதில் விழுந்துவிட்டதுபோல் ஒரு கணம் திடுக்கென்றது. போனில் கூப்பிடுகிறாள். போனில் கூப்பிட்டால் போதும் என்று நினைத்துவிட்டாளா. மேஜை மேல் வைத்தான், அது அதிர்ந்து அதிர்ந்து விளிம்பு வரைக்கும் நகர்ந்து வந்தது, முனீஸ்வரி கூடத் திரும்பிப் பார்த்தாள். "எடுங்களேண்ணே" என்றாள். "வேண்டிய ஆளா இருந்தா மறுபடி அடிப்பாங்க" என்றான். நின்றுவிட்டது.

நின்றதும் ஒன்று கேட்டது, அல்லது ஒன்று கேட்காமல் போனது. டிக் இல்லை. அச்சு மெஷின் அந்தப் பக்கம் தடதடக்கிறது, ஆடிக்காற்று ஜன்னல் தகரத்தைப் போட்டு அடிக்கிறது, ஏசி உறுமுகிறது, எல்லாம் கேட்கிறது, டிக் மட்டும் இல்லை.  தவசிலிங்கம் மேஜைக்கு அடியில் குனிந்தான், முழங்கால் தரையில் பட, பெட்டி மேல் காதை வைத்தான். தகரம் சூடாக இருந்தது. உள்ளே இழுத்து இழுத்து ஒரு சத்தம், பிறகு நீளமாக ஒரு கிறீச், பிறகு டிக். இருக்கிறது. அப்படியே குனிந்தபடி இருந்தான். செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இத்தனை நாள் அதைத்தானே ஆசையாக நினைத்தான், செத்துப் போகட்டும், குணசீலன் கையைப் பிசையட்டும், அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொள்ளட்டும் என்று. அந்தக் காட்சியில் எல்லாருடைய முகமும் தொங்கிப் போயிருந்தது, அவன் முகம் மட்டும் நன்றாக இருந்தது. இப்போது, முதுகு வலிக்கக் குனிந்திருந்தபோது, அந்த முகங்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. நீ தினமும் சிவப்பு வரியைப் பார்த்தாய். நீ போட்ட டிக். வேண்டுமென்றே சாகவிட்டாய். ஆனியில் பொய்யாகச் சொன்னதை ஆடியில் நிஜமாக்கிக் கொடுத்துவிட்டாய். நான் அப்படி ஆள் இல்லை என்று அப்போது சொல்ல முடியுமா, சொன்னாலும் எந்த வாயால். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்ல மாட்டான்: இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன், திருமங்கலம் தாண்டுகிற வரைக்கும் குலுங்காமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான், உள்ளே ஏதாவது வைத்துக்கொண்டு அது சாவதைப் பார்க்க அவனால் முடியவில்லை. பயமும் இரக்கமும் எது எது என்று பிரிக்க முடியாமல் வந்தது. எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது முழங்காலில் தூசி ஒட்டியிருந்தது, அதற்காகவும் குணசீலனைத் திட்டினான்.

வேறு வழியும் இருந்தது. பொது நிர்வாகிப் பெயரில் நுழைந்து காப்பி எடுக்கலாம், அதன் பாஸ்வேர்ட் உறையில் ஒட்டி அண்ணாச்சியின் பீரோவில் இருக்கிறது, போய்க் கேட்க வேண்டும், கேட்டால் எதற்கு என்பார், அது வேண்டாம். அந்த ஃபோல்டரை முதன்முதலில் உண்டாக்கியவன் தவசிலிங்கம்தான், உண்டாக்கியவனுக்கு அனுமதியைத் திருத்துகிற உரிமை மட்டும் எப்போதும் உண்டு, தானே போட்ட மறுப்பும்கூட அதைப் பிடுங்க முடியாது. அவன் ஜன்னலைத் திறந்தான். அவன் பெயர் அங்கேயே இருந்தது, பக்கத்தில் வரிசையாக அவன் போட்ட டிக்குகள், ஒன்றுகூட அசையாமல். பெயரைத் தொட்டான். நீக்கு என்று இருந்ததைத் தொட்டான். சாத்தூர் வீட்டுப் படியில் கால் வைப்பதுபோல இருந்தது, உள்ளங்கால் கூசியது. ஓகே. பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்தது, ஒவ்வொரு ஃபைலாகப் போய் அவன் பெயரை எடுத்துக்கொண்டிருந்தது, அந்த இழுக்கிற டிஸ்கில் அதற்கே உயிர் போய் வந்தது. முடிந்தது. காப்பியை ஓடவிட்டான். கணக்கு, ஆர்டர், விலாசம், அந்த இடம். நிற்கவில்லை. பாலமுருகன் ஃபைனல். பாலமுருகன் ஃபைனல் புதுசு. கஜலட்சுமி. குழந்தை ரோஸ் கன்னம். வரிவரியாக ஏறியது. ஏற ஏற அவனுக்கு மூச்சு இறங்கியது. இவ்வளவுதான், நான் இறங்கி வந்துவிட்டேன், யாரும் கேட்காமலே, கெஞ்சாமலே செய்துவிட்டேன், என்று நினைத்தபோது மனசுக்குள் ஏதோ அகலமாக விரிந்தது. இப்போது அவர்கள்தான் சின்ன ஆட்கள். அண்ணாச்சி என்ன சொல்வார், குணசீலன் எழுந்து வருவானா, வந்தால் உட்காரச் சொல்லலாமா, கடலை நீட்டினால் வாங்கலாமா. ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளலாம், ரொம்ப வேண்டாம்.

"முனீஸ்வரி, டிசைன் ஃபோல்டர் ஏறுதுன்னு சொல்லுங்க" என்றான், ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. "டிசைன் ஏறுதாம் சார்" என்றாள் முனீஸ்வரி. குணசீலன் குழந்தையின் கன்னத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது எதுக்கு? எங்கிட்டதான் இருக்கேன்னு சொல்லுங்க" என்றான். முனீஸ்வரி இந்தப் பக்கம் திரும்பினாள். "அவருகிட்ட இருக்காம்ணே." தவசிலிங்கத்துக்குப் புரியவில்லை. "என்ன இருக்கு?" என்று அவளிடமே கேட்டான். அவள் குணசீலனைப் பார்த்தாள், அவன் ஏதோ சொன்னான், மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் தவசிலிங்கத்துக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இருந்தாலும் முறைப்படி அவள் சொல்லி முடிக்கிற வரை கேட்க வேண்டியிருந்தது. "தினம் சாயங்காலம் தனி டிஸ்குல ஏத்தி வீட்டுக்குக் கொண்டுபோயிருவாராம்ணே. ஆனியிலேருந்து. அண்ணாச்சிதான் டிஸ்க் வாங்கிக் குடுத்தாராம். ஒரு ஆள நம்பி இருக்க முடியாதுன்னாராம்." நிறுத்திவிட்டு அவளாக ஒன்று சேர்த்தாள். "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." ரசீதுக்குத் திரும்பிவிட்டாள். நிலக்கடலைத் தோல் ஒன்று ஏசி காற்றில் பறந்து வந்து இரண்டு மேஜைக்கும் நடுவில் விழுந்தது.

அப்படியென்றால் அண்ணாச்சி வெட்கப்படவில்லை. அவர் கணக்கைக் கேட்டார், ஆர்டரைக் கேட்டார், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான், அதனால் அப்பச் சரி என்றார். குணசீலன் திமிராக உட்கார்ந்திருக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தான். டிசைன் வெளியே போய்விடும் என்று என்னை நிறுத்தினார்கள், அத்தனை டிசைனும் தினமும் ஒரு பையில் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதை யாரும் வெளியே போவது என்று சொல்லவில்லை. நான் போட்ட டிக்கை எவனும் முட்டிப் பார்க்கவில்லை, நான் எடுத்ததையும் எவனும் பார்க்கவில்லை.  தவசிலிங்கம் கோபப்பட முயற்சி செய்தான், கோபம் வந்தது, ஆனால் போய் உட்கார இடம் இல்லாமல் திரும்பி வந்தது. அப்போது, கேட்காமலே, ராஜபாண்டியின் முகம் வந்தது. சித்தி மகன். ஒன்றுவிட்ட தம்பி, சாத்தூரிலேயே இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், யார் என்ன சொன்னாலும் சிரிப்பான், எந்தப் பந்தியிலும் முதலில் உட்காருவான். அவனும் நிவேதாவுக்கு மாமன்தானே. மாமன் எங்கே என்று கூப்பிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து நிற்பான். பட்டு வேட்டி அவனுக்குப் பொருத்தமாகக்கூட இருக்கும். தவசிலிங்கம் போனை எடுத்துப் பார்த்தான். சொர்ணம் அக்கா ஒரே ஒரு தடவைதான் அடித்திருந்தாள்.

ஃபைல்கள் ஏறிக்கொண்டே இருந்தன. தாமரை பின்னணி. பனிமலை. பனிமலை புதுசு. அவன் அந்த ஜன்னலை மறுபடி திறந்தான். தன் பெயரை டைப் அடித்தான், மறுப்புப் பத்தியில் மேலிருந்து கீழ்வரைக்கும் டிக் போட்டான், ஓகேயை அழுத்தினான். மஞ்சள் முக்கோணம் வந்தது. அன்றைக்குப் படிக்காமல் தாண்டியதை இன்றைக்கு நிறுத்திப் படித்தான். நீங்கள் மறுப்புப் போடுகிறீர்கள். ஒருவருக்கு அனுமதியும் இருந்து மறுப்பும் இருந்தால் மறுப்புதான் செல்லும். தொடர விரும்புகிறீர்களா? ஆனியிலிருந்து இந்த நாள் வரைக்கும், ஏன், அக்கா வீட்டுப் படி இறங்கிய நாளிலிருந்தே, அவனை இப்படி நிறுத்தி, நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டது இது ஒன்றுதான். அன்றைக்கும் கேட்டிருக்கிறது. அவனுக்குக் கண் எரிந்தது. அதன் மேலும் கோபம் வந்தது. உடனே அழுத்தியிருப்பான், அழுத்தினால் ஏறுவது பாதியில் அறுந்துபோகும். அதனால் மவுஸின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தான், யாருக்கும் வேண்டாத படங்கள் ஒவ்வொன்றாக, சேதம் இல்லாமல், கடைசிக் குழந்தை வரைக்கும் வந்து சேருகிற வரையில் காத்திருந்தான். கீழே அந்தப் பெட்டியும் எப்படியோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. காப்பி முடிந்தது. ஆம் என்று அழுத்தினான். பூட்டைப் பூட்டிய பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார்களே, அப்படி அந்த ஃபோல்டரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். அனுமதி இல்லை என்றது. போனை மேஜை மேலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனான்.